மேட்டுக் காட்டில் சைக்கிள் பாதையா? கேட்க வேண்டியதைக் கேட்போம்!



சில வாரங்களுக்கு முன் நெகிரி செம்பிலான் மாநிலத்தில் ஒரு செம்பனைத் தோட்டத்துக்குப் போயிருந்தேன். சம்பள விஷயமாகப் பேசத்தான் போனேன். கோயில் மண்டபத்தில் முப்பது பேருக்கு மேல் கூடியிருந்தார்கள். பேச வேண்டியதைப் பேசி முடித்து, தேத்தண்ணியும் குடித்துவிட்டு எழுந்திருக்கும் நேரம். பின்வரிசையில் உட்கார்ந்திருந்த ஓர் அம்மா கையைத் தூக்கினார். வயது எழுபதைத் தாண்டியிருக்கும். அந்தத் தோட்டம் ரப்பர்த் தோட்டமாக இருந்த காலத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் பால்வெட்டியவர்.

“தம்பி, சம்பளத்தைப் பத்திப் பேசினீங்க, சந்தோஷம். நம்ம மேட்டுக் காட்டுல பைக் ரோடு போடப் போறாங்களாமே, அதைப் பத்திச் சங்கம் ஒண்ணும் சொல்லாதா?”

எனக்கு முதலில் விளங்கவில்லை. பைக் என்றால் நம் ஆட்களுக்கு மோட்டார் சைக்கிள்தானே ஞாபகம் வரும்! காட்டுக்குள் மோட்டாருக்கு ரோடு எதற்கு என்று யோசித்தேன். ஒரு பையன் கைப்பேசியில் பிடித்து வைத்திருந்த படத்தைக் காட்டினான். அது மோட்டார் இல்லை. காலால் மிதிக்கும் மலைச் சைக்கிள். பட்டணத்துக்காரர்கள் சனி, ஞாயிறுகளில் வந்து ஓட்டுவதற்கு ஒரு பாதை. லயத்துக்குப் பின்னால் இருக்கும் மேட்டுக் காட்டைப் பிளந்துகொண்டு உச்சி வரை ஏறி, முனியாண்டி சாமி மரத்தைச் சுற்றிக்கொண்டு, அலுரைத் தாண்டி இறங்கி வரும். அடிவாரத்தில் கார் நிறுத்தும் இடம், சாப்பாட்டுக் கடை, குளிக்கும் அறை எல்லாம் படத்தில் இருந்தன. எல்லாம் இருந்தன, லயத்தை மட்டும் காணோம். நாற்பது ஐம்பது வருஷமாக அங்கே குடியிருக்கும் ஜனங்களை வரைந்தவர் பார்க்கவே இல்லை போலும்.

“யாராவது வந்து உங்களிடம் கேட்டார்களா?” என்றேன்.

“யாரு வந்து நம்மகிட்ட கேக்கப் போறா, தம்பி?” என்றார் அந்த அம்மா.

மூன்று பேர், மூன்று பேச்சு

அதற்குப் பிறகு மண்டபத்தில் எழுந்த பேச்சை அப்படியே உங்களுக்குச் சொல்ல வேண்டும். ஏனென்றால் இதே பேச்சு நாளைக்கு உங்கள் தோட்டத்திலும் எழலாம்.

ஓர் இளைஞர் எழுந்தார். “அண்ணே, பாதை வந்தா என்ன கெட்டுப் போச்சு? நாங்க நாலு பேரு கடை போடலாம், கார் கழுவலாம். தோட்டத்துல எங்களுக்கு வேற என்ன வேலை இருக்கு? குலைவெட்டுக்கு வெளிநாட்டுக்காரன்தானே வர்றான்?” அவர் சொன்னதில் நியாயம் இல்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை.

இன்னொருவர், லோரி ஓட்டுபவர், கொஞ்சம் கோபமாகவே பேசினார். “காடு கிடக்கட்டும் அண்ணே. குரங்குக்கும் காட்டுப் பன்னிக்கும் இடம் இருக்கு. ரிட்டையர் ஆனா எங்கப்பாவுக்கு வீடு எங்கே? முதல்ல வீட்டைப் பத்திப் பேசுங்க, மரத்தைப் பத்தி அப்புறம் பேசலாம்.”

முதலில் கேட்ட அம்மா மெதுவாகச் சொன்னார்: “குழாயில தண்ணி நின்னா அந்த அலுருத் தண்ணிதான். பாக்குக் கீரையும் மூங்கில் குருத்தும் அங்கேதான். எங்க வீட்டுக்காரரை அடக்கம் பண்ணினது அந்த மேட்டு அடியிலதான்.”

வேலை, வீடு, காடு. இந்த மூன்றும் ஒன்றோடொன்று மோதுவதுபோல் அன்று தோன்றியது. உண்மையில் மோதுகின்றனவா? அல்லது மோத விடுகிறார்களா? இதைத்தான் இன்று உங்களோடு சேர்ந்து சிந்திக்க விரும்புகிறேன்.

தண்ணீர் கீழேதான் ஓடும்

முதலில் பாதையைப் பார்ப்போம். சைக்கிள் ஓட்டுவது குற்றம் இல்லை. நல்ல உடற்பயிற்சி. ஞாயிற்றுக்கிழமைகளில் ஜம்போரி என்று சொல்லி நூற்றுக்கணக்கானவர்கள் தோட்டச் சடக்குகளில் ஓட்டிக்கொண்டு போவதை நாம் பார்த்திருக்கிறோம். நம் பிள்ளைகளும் அதில் போகிறார்கள். வெளிநாடுகளில் செய்த ஆய்வுகள் பல, ஒரு மலைச் சைக்கிளும் நடந்துபோகும் ஓர் ஆளும் பாதைக்குச் செய்யும் சேதத்தில் பெரிய வித்தியாசம் இல்லை என்றே சொல்கின்றன. ஆகவே சைக்கிள்காரரைத் திட்டுவதில் பயன் இல்லை.

கெடுதல் எங்கிருந்து வருகிறது? பாதையை எந்த இடத்தில், எந்தச் சாய்வில் வெட்டுகிறார்கள் என்பதிலிருந்து வருகிறது. மழை ஈரத்தில் ஓட்டுவதிலிருந்து வருகிறது. ஒரு பாதை போட்டதும் அதிலிருந்து குறுக்கு வழி நாலு, தாண்டிக் குதிக்கும் மேடு நாலு என்று யாரும் அனுமதி கொடுக்காத கிளைகள் முளைப்பதிலிருந்து வருகிறது. மலைச் சைக்கிள் பாதை போடுகிறவர்களுக்கே இது தெரியும். மேட்டில் நேராக மேலிருந்து கீழே இறக்கக் கூடாது, சரிவுக்குக் குறுக்கே கொண்டு போக வேண்டும், சராசரியாக நூறு அடிக்குப் பத்து அடிக்கு மேல் ஏற்றம் இருக்கக் கூடாது என்பது அவர்களுடைய பொது விதி.

இந்த விதியை நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. நம் பாட்டன்மார்கள் மேட்டு நிலத்தில் ரப்பர் நட்டபோது என்ன செய்தார்கள்? சரிவுக்குக் குறுக்கே படி படியாகத் திட்டு வெட்டினார்கள். மண் ஓடிப் போகாமல் இருக்க இடையிடையே குழி தோண்டினார்கள். நிலத்தை மூடிப் படரும் கொடிகளை விதைத்தார்கள். மேட்டிலிருந்து கீழே நேராக ஒரு ஒற்றையடிப் பாதை விழுந்துவிட்டால், அடுத்த மழைக்காலத்தில் அது ஓடையாகிவிடும் என்பது பால் வாளி சுமந்த ஒவ்வொருவருக்கும் தெரியும். மண்வெட்டி பிடித்த கைக்குத் தெரிந்த பாடம் அது.

எங்கள் தோட்டப் பள்ளியில் நான் படிக்கும்போது ஓர் ஆசிரியர், மழை விட்டதும் எங்களை வெளியே கூட்டிப் போய் இரண்டு அலுர்களைக் காட்டினார். ஒன்று புதிதாக வெட்டிய நடவுக்காட்டிலிருந்து வந்தது, தேத்தண்ணி நிறத்தில் ஓடியது. மற்றது மேட்டுக் காட்டிலிருந்து வந்தது, அடியில் கிடந்த கல் தெரிந்தது. “இதுதாண்டா இன்னைக்குப் பாடம்” என்று சொல்லிவிட்டுப் பள்ளிக்குத் திரும்பினார். முப்பது வருஷத்துக்கு மேல் ஆகியும் அந்தப் பாடம் எனக்கு மறக்கவில்லை.

சிங்கப்பூரைப் பாருங்கள். அங்கே புக்கிட் தீமா இயற்கை வனம் 163 ஹெக்டர்தான். அத்தனை பெரிய நகரத்துக்கு நடுவே அந்தச் சின்னக் காட்டைப் பொத்திப் பொத்திக் காக்கிறார்கள். அங்கும் மலைச் சைக்கிளுக்குப் பாதை உண்டு. ஆனால் அது காட்டின் நடுவே போகவில்லை. வெளி விளிம்பை ஒட்டிச் சுற்றிப் போகிறது. அப்படி இருந்தும், மக்கள் நடமாட்டம் மிகுந்து சரிவுகளும் பாதைகளும் தேய்ந்து போனதால், 2014 செப்டம்பரில் அந்த வனத்தைப் பொதுமக்களுக்கு மூடிப் பழுது பார்த்தார்கள். முழுமையாகத் திறந்தது 2016 அக்டோபரில்தான். பணம் இருக்கிறது, ஆள் இருக்கிறது, காவல் இருக்கிறது. அந்த இடத்திலேயே இத்தனை பாடு என்றால், நம் மேட்டுக் காட்டில் பாதை தேய்ந்தால் பழுது பார்க்கப் போவது யார்? கேட்க வேண்டிய கேள்வி அல்லவா?

சின்னக் காடுதானே என்று சொல்லாதீர்கள்

“அது என்ன பெரிய காடா? ரப்பருக்கும் செம்பனைக்கும் ஆகாது என்று விட்டு வைத்த மேடுதானே?” என்று சிலர் கேட்கிறார்கள்.

நம் மாநிலத்தில் ஜெலபு வட்டாரத்தில் பாசோ காடு இருக்கிறது. சிம்பாங் பெர்த்தாங் பக்கம் இருப்பவர்களுக்கு நன்றாகத் தெரியும். உலகத்தின் பல நாடுகளிலிருந்து விஞ்ஞானிகள் அங்கே வந்து போகிறார்கள். 1980-களின் நடுவில் மலேசிய வன ஆராய்ச்சிக் கழகம் அங்கே 50 ஹெக்டர் நிலத்தை அளந்து, விரல் பருமன் உள்ள கன்று முதல் எல்லா மரத்தையும் எண் போட்டுக் கணக்கெடுத்தது. மூன்று லட்சத்துக்கு மேல் மரங்கள். 800-க்கு மேற்பட்ட வகைகள்.

அந்தக் காட்டுக்கும் ஒரு தொல்லை உண்டு. அதைச் சுற்றிப் பெரும்பகுதி செம்பனை. செம்பனைப் பழம் தின்று காட்டுப் பன்றிகள் பெருகுகின்றன. அவை காட்டுக்குள் புகுந்து நிலத்தைக் கிளறுவதோடு, குட்டி போடுவதற்குக் கூடு கட்ட இளங்கன்றுகளைக் கடித்து முறிக்கின்றன. நாளைக்குப் பெரிய மரமாக வேண்டிய கன்று இன்றைக்கே போய்விடுகிறது. இதை ஆராய்ச்சியாளர்கள் பல வருஷங்கள் அங்கே இருந்து எழுதியிருக்கிறார்கள். இதிலிருந்து நமக்குத் தெரிவது என்ன? காட்டை வெட்டினால்தான் காடு அழியும் என்பது இல்லை. ஓரத்தில் நடப்பது உள்ளே போய்க் கெடுக்கும். பாசோவுக்கே ஓரத்தால் கேடு வருகிறது என்றால், பத்து இருபது ஏக்கர் மேட்டுக் காட்டை நடுவில் பிளந்தால், பிறகு அதில் ஓரத்தைத் தவிர வேறு என்ன மிஞ்சும்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பாசோ, அங்சி மலை போன்றவை வன ஒதுக்கீட்டுக் காடுகள். அவற்றுக்குச் சட்டத்தில் பெயர் இருக்கிறது. 2022-ல் நாடாளுமன்றம் தேசிய வனச் சட்டத்தைத் திருத்தி, ஒதுக்கீட்டை நீக்குமுன் பொது விசாரணை நடத்த வேண்டும் என்று ஆக்கியது. தோட்டத்துக்குள் இருக்கும் மேட்டுக் காட்டுக்கோ அப்படிப் பெயர் கிடையாது. அது தோட்ட நிலத்தின் ஒரு துண்டு. அதற்குக் காவல், அதன் ஓரத்தில் குடியிருக்கும் நாம்தான்.

புக்கிட் கியாரா சொல்லும் கதை

இனி அந்த லோரிக்காரத் தம்பி கேட்ட கேள்விக்கு வருகிறேன். வீடா, மரமா என்ற கேள்வி. இந்தக் கேள்வியைக் கேட்டவர் அவர் மட்டும் இல்லை. கோலாலம்பூரில் நம்மைப் போன்ற தோட்ட ஜனங்களையே வைத்து இந்தக் கேள்வி நீதிமன்றம் வரை போனது.

கோலாலம்பூருக்கு மேற்கே புக்கிட் கியாரா என்று ஒரு ரப்பர்த் தோட்டம் இருந்தது. 1970-களில் அரசாங்கம் அந்த நிலத்தை எடுத்துக்கொண்டது. 1982-ல் அங்கிருந்த தொழிலாளர் குடும்பங்களை, ஏறக்குறைய நூறு குடும்பங்களை, ரூமா பாஞ்சாங் எனப்படும் நீள வீடுகளில் கொண்டு வைத்தார்கள். தற்காலிகம்தான், நிரந்தர வீடு கட்டித் தருகிறோம் என்றார்கள். புக்கிட் கியாராவில் பிறகு என்னென்ன வந்தன தெரியுமா? கோல்ஃப் மைதானம் வந்தது. குதிரை ஏறிப் பழகும் கிளப் வந்தது. பக்கத்தில் தாமான் துன் டாக்டர் இஸ்மாயில் என்ற பெரிய குடியிருப்பு எழுந்தது. பால்வெட்டியவனுக்கு வீடு மட்டும் வரவில்லை.

மீதி மேட்டில் யாரும் வெட்டாமல் விட்ட ரப்பர் மரங்கள் தம் பாட்டுக்கு வளர்ந்தன. நடுவே காட்டு மரங்கள் முளைத்தன. நம் ஆட்கள் நட்டு, நம் ஆட்கள் பால்வெட்டிய ரப்பர்க் காடு, நிஜக் காடாகவே மாறிவிட்டது. அந்தக் காட்டுக்குள்தான் பட்டணத்து மலைச் சைக்கிள்காரர்களும் நடைப் பயிற்சிக்காரர்களும் தங்கள் கையாலேயே ஒற்றையடிப் பாதைகளை அமைத்துக்கொண்டார்கள். பின்னாளில் அங்கே பூங்கா கட்டுகிறோம் என்று வேலியும் தார்ப் பாதையும் வந்தபோது, மரத்தை வெட்டாதீர்கள் என்று குரல் கொடுத்தவர்களில் இந்தச் சைக்கிள்காரர்களும் இருந்தார்கள். சைக்கிள்காரர் எல்லாரும் காட்டுக்குப் பகை என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

அந்த மேட்டின் ஓரத்தில் 25 ஏக்கர் அளவில் தாமான் ரிம்பா கியாரா என்ற பொதுப் பூங்கா. 2017 ஜூலையில் அதில் 12 ஏக்கரில் கட்டடம் கட்ட மாநகராட்சியின் அனுமதி கிடைத்தது. நாற்பது மாடிக்கு மேற்பட்ட சொகுசு அடுக்குமாடிகள் எட்டு. கூடவே 350 வீடுகள் கொண்ட கட்டுப்படி விலை அடுக்குமாடி ஒன்று. அந்த ஒன்றில்தான் நீள வீட்டுக் குடும்பங்களுக்கு இடம் என்றார்கள்.

திட்டத்தின் சூட்சுமம் புரிகிறதா? எட்டு மாளிகைக்கு முன்னால் ஏழையின் ஒரு கட்டடத்தைக் கேடயமாக நிறுத்தினார்கள். பூங்காவைக் காக்க வேண்டும் என்று அக்கம்பக்கத்துக் குடியிருப்பாளர்கள் எதிர்த்தால், “ஏழைத் தோட்டத் தொழிலாளிக்கு வீடு கிடைப்பதைத் தடுக்கிறீர்களா?” என்று கேட்கலாம். நீள வீட்டு மக்களில் பலர் திட்டத்தை ஆதரித்தார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. முப்பத்தைந்து வருஷம் காத்திருந்தவனுக்கு முன்னால் சாவியை ஆட்டிக் காட்டினால் அவன் வேறு என்ன செய்வான்? எதிர்த்த குடியிருப்பாளர்களோ, வீடே கூடாது என்று சொல்லவில்லை. நீள வீடு இப்போது இருக்கும் இடத்திலேயே அவர்களுக்குக் கட்டிக் கொடுங்கள், பூங்காவைத் தொடாதீர்கள் என்றுதான் சொன்னார்கள். ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பது இதுதான்.

வழக்குப் போட்டார்கள். 2018-ல் உயர் நீதிமன்றத்தில் தோற்றார்கள். விடவில்லை. 2021 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த அனுமதியை ரத்துச் செய்தது. 2023 ஏப்ரல் 18-ஆம் தேதி கூட்டரசு நீதிமன்றமும் அதையே உறுதிப்படுத்தியது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி நளினி பத்மநாதன். சட்டப்படியான கட்டமைப்புத் திட்டத்தில் பூங்கா என்று இருக்கும் இடத்தில் காரணம் சொல்லாமல் கட்டடத்துக்கு அனுமதி கொடுக்கக் கூடாது. பாதிக்கப்படுகிற ஜனங்களின் பேச்சைக் கேட்காமல் முடிவு செய்யக் கூடாது. அனுமதி கொடுக்கிறவரே, அனுமதி கேட்கிற தரப்பின் நிர்வாகத்திலும் இருக்கக் கூடாது. சாதாரண ஜனங்களுக்குப் புரியும்படி சொன்னால் தீர்ப்பின் சாரம் இவ்வளவுதான்.

மரங்கள் தப்பின. நல்லது. ஆனால் அந்தத் தீர்ப்பு வந்த நாளிலும், 1982-ல் தற்காலிகம் என்று வைத்த அதே நீள வீடுகளில்தான் நம் மக்கள் இருந்தார்கள். நாற்பத்தொரு வருஷம்! இதை நினைக்கும்போது சந்தோஷப்படுவதா, வருத்தப்படுவதா என்று தெரியவில்லை.

கியாரா சொல்லும் பாடம் என்ன? வீட்டையும் மரத்தையும் ஒரே தராசின் இரண்டு தட்டில் வைத்தவன் நம் ஆள் இல்லை. அப்படி வைக்க நாம் இடம் கொடுத்தால் இரண்டு தட்டும் அவன் கைக்குத்தான் போகும். வீடு கேட்கிறவனும் மரம் காக்கிறவனும் முதல் நாளே ஒரே மேசையில் உட்கார்ந்திருந்தால், அந்தக் கதை வேறு மாதிரிப் போயிருக்கும் என்று நான் நம்புகிறேன்.

பாதைக்குப் பின்னால் என்ன வருகிறது?

தோட்ட ஜனங்களுக்கு ஒரு பழைய அனுபவம் உண்டு. 1950-களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றபோது, நம் ஆட்களுக்குச் சேதி கடைசியில்தான் வந்தது. வேலையும் போய், வீடும் போய் நின்றார்கள். அந்தத் துண்டாடலைப் பார்த்துத்தான் 1960-ல் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். மாதம் பத்து வெள்ளி கட்டிய தொழிலாளர்கள் சேர்ந்து தோட்டங்களை வாங்கினார்கள். தலைக்கு மேல் நடப்பதைத் தெரிந்துகொண்டால்தான் தலை தப்பும் என்பதை நம் மூத்தவர்கள் அப்போதே கற்றுக்கொண்டார்கள்.

இன்றைக்கு வருவது சைக்கிள் பாதை. நாளைக்குக் கார் நிறுத்தும் இடம். அடுத்து விருந்தினர் விடுதி. அதற்கடுத்து, “இந்தப் பக்கம் இனிமேல் விவசாய நிலம் இல்லை” என்ற ஒரு கடிதம். எல்லா இடத்திலும் இப்படித்தான் நடக்கும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் கேட்காமல் இருந்தால், நடக்கும்போதுதான் நமக்குத் தெரியும்.

என்ன கேட்க வேண்டும்?

அன்று இரவு மண்டபத்தில் மறுபடியும் உட்கார்ந்தோம். கடைசியில் எல்லாரும் ஒத்துக்கொண்ட கேள்விகளைக் கீழே தருகிறேன். உங்கள் தோட்டத்துக்கும் பயன்படும்.

முதல் கேள்வி: நிலம் காகிதத்தில் என்னவென்று இருக்கிறது? ரஞ்சாங்கான் தெம்பத்தான் எனப்படும் உள்ளூர்த் திட்டத்தில் அந்த மேடு எந்த நிறத்தில் குறிக்கப்பட்டிருக்கிறது? 1976-ஆம் வருஷத்து நகர், கிராமத் திட்டச் சட்டத்தின்படி அந்தத் திட்டத்தின் வரைவைப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். ஆட்சேபம் சொல்ல நமக்கு உரிமை உண்டு. சிரம்பான், போர்ட்டிக்சன், ஜெம்போல், ரெம்பாவ், எந்த ஊராட்சி மன்றமாக இருந்தாலும் போய்ப் பார்க்கலாம். போகும்போது பள்ளிக்கூடத்தில் படிக்கும் பிள்ளை ஒன்றைக் கூட்டிக்கொண்டு போங்கள். மலாயில் எழுதியிருப்பதைப் படித்துச் சொல்லும். அதற்கும் ஒரு பாடமாக இருக்கும்.

இரண்டாவது கேள்வி: தண்ணீர் எங்கே போகும்? பாதை எத்தனை இடத்தில் அலுரைக் கடக்கிறது, மழைக்காலத்தில் பாதையை மூடுவார்களா, பழுது பார்ப்பது யார் செலவில்? இதற்கு எழுத்தில் பதில் வேண்டும். வாய்ப் பேச்சு அடுத்த மழையோடு போய்விடும்.

மூன்றாவது கேள்வி: நம் சாமி, நம் சுடுகாடு, நம் நடைபாதை எல்லாம் படத்தில் இருக்கின்றனவா? இல்லாவிட்டால் நாமே வரைந்து கொடுக்க வேண்டும். அன்று அந்த எழுபது வயது அம்மா சொல்லச் சொல்ல, ஒரு நான்காம் படிவ மாணவி பழைய நாள்காட்டித் தாளின் பின்புறத்தில் வரைந்தாள். எந்த இடத்தில் ஊற்று, எந்த இடத்தில் முனியாண்டி, யார் யாரை எங்கே அடக்கம் செய்தது என்று அந்த அம்மாவுக்கு ஒன்று விடாமல் தெரிந்திருந்தது. அதைப் பார்த்த பிறகு அந்த மேட்டைச் ‘சும்மா கிடக்கிற காடு’ என்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை.

நான்காவது கேள்வியை அந்த வேலை கேட்ட இளைஞரே எழுதச் சொன்னார்: பாதை காட்டுக்குள்தான் போக வேண்டுமா? தோட்டத்துச் செம்மண் சடக்கு மைல் கணக்கில் கிடக்கிறதே, செம்பனை நிரைகளுக்கு இடையில் ஓட்டினால் ஆகாதா? மேட்டுக் காட்டைத் தொடாமல் அடிவாரத்தில் சுற்றிப் போகட்டும். அப்படி வந்தால் பாதை பார்த்துக்கொள்ளும் வேலையும் கடையும் லயத்துப் பிள்ளைகளுக்கே முதலில் என்று எழுத்தில் இருக்கட்டும். வேலையும் கிடைக்கும், காடும் நிற்கும். இந்த யோசனை எனக்குத் தோன்றவே இல்லை. சங்கத்துக்காரனுக்கு எல்லாம் தெரியும் என்று யார் சொன்னது?

ஐந்தாவதை லோரிக்காரத் தம்பி சொன்னார்: “வீட்டைப் பத்தியும் அதே கடிதத்துல எழுதுங்க. ஆனா தனியா எழுதுங்க. பாதைக்குச் சம்மதிச்சா வீடுன்னு யாரும் பேரம் பேசக் கூடாது.” கியாரா கதையை அவர் சரியாகப் புரிந்துகொண்டார் என்பதற்கு வேறு என்ன சாட்சி வேண்டும்?

எழுதினால் என்ன ஆகப் போகிறது என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். 2020 பிப்ரவரியில் சிலாங்கூரில் கோலா லங்காட் வடக்கு வன ஒதுக்கீட்டில் 930 ஹெக்டருக்குக் குறையாத நிலத்தை ஒதுக்கீட்டிலிருந்து நீக்கப் போவதாக அறிவிப்பு வந்தது. அங்கே தலைமுறை தலைமுறையாக வாழும் தெமுவான் பூர்வகுடி மக்கள் எதிர்த்தார்கள். பல்லாயிரக்கணக்கில் ஆட்சேபங்கள் போயின. அப்படியும் பாதிக்கு மேல் நீக்கிவிட்டதாக 2021 ஆகஸ்டில் தெரிய வந்தது. நாடு முழுவதும் சத்தம் எழுந்தது. மறு மாதமே மாநில அரசு அந்த முடிவை மாற்றிக்கொண்டது. காகிதமும் குரலும் சேர்ந்தால்தான் கனம். ஒன்று மட்டும் போதாது.

கடிதம் போய்விட்டது

அந்தத் தோட்டத்தார் எழுதிய கடிதம் ஊராட்சி மன்றத்துக்கும் தோட்ட நிர்வாகத்துக்கும் போய்விட்டது. அறுபத்திரண்டு பேர் கையெழுத்து, அதில் பதினோரு கைநாட்டு. கூடவே அந்த மாணவி வரைந்த படத்தின் பிரதியும் போனது. பதில் இன்னும் வரவில்லை. வருகிறவரை சும்மா இருக்கப் போவதில்லை என்று மாதர் பிரிவினர் சொல்லிவிட்டார்கள்.

புறப்படும்போது அந்த அம்மா என்னை அலுர் வரைக்கும் கூட்டிப் போனார். இருட்டத் தொடங்கியிருந்தது. மேட்டுக் காட்டிலிருந்து சில்வண்டுச் சத்தம். “நான் செத்தா என்னையும் இந்த அடிவாரத்துலதான் வெப்பாங்க. தலைக்கு மேல சைக்கிள் ஓடுனா எப்படித் தம்பி தூங்குறது?” என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். ஆனால் மோட்டாரை எடுத்துக்கொண்டு தார் ரோட்டுக்கு வரும்வரை அந்த வார்த்தை காதிலேயே நின்றது.

தோழர்களே! நம் தோட்டத்து மேட்டுக் காடு பத்திரத்தில் நம் பேரில் இல்லை. நாம் நட்ட ரப்பரும் நம் பேரில் இல்லை, நாம் வாழ்ந்த லயமும் நம் பேரில் இல்லை. அதற்காக, அங்கே என்ன நடந்தாலும் பேச நமக்கு உரிமை இல்லை என்று ஆகிவிடாது. உங்கள் தோட்டத்துக்குப் பின்னாலும் அப்படி ஒரு காடு இருந்தால், இந்த வாரமே பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் ஒரு முறை சுற்றிப் பாருங்கள். ஊற்று எங்கே, சாமி எங்கே, முன்னோர் எங்கே என்று ஒரு தாளில் வரைந்து கோயில் மண்டபத்தில் மாட்டி வையுங்கள். திட்டத்தோடு யாராவது வரும்போது, முதலில் அந்தப் படத்தைக் காட்டிவிட்டுப் பேச்சைத் தொடங்குங்கள்.